போற அட்வான்ஸ்

இருங்க, இருங்க, செருப்பக் கழட்டிப் போட்டுட்டு நல்லா உக்காருங்க. வேலை மாத்தறதப் பத்தி ஒரு கதைன்னு சொன்னதுமே உங்க மொகத்துல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாதாக்கும். பெட்டிக்கடையில பொட்டலம் மடிச்சுட்டிருந்தவன் ஒரு நாளு துணிஞ்சு வேலைய விட்டான், வெளியூரு போனான், வேர்வை சிந்தினான், கடைசியில அதே பெட்டிக்கடை இருந்த எடத்துல மாடி மேல மாடி கட்டி ரிப்பன் வெட்டினான்னு நான் முடிக்கோணும், நீங்க கையத் தட்டிட்டு வீட்டுக்குப் போயி நாளைக்கே நானும் வேலைய விடறேன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்லி வாங்கிக் கட்டிக்கோணும், அதானுங்களே? அந்தா, பின்னால கையக் கட்டிட்டு நிக்கற அண்ணன் அதுக்கு நேர்மாறு. வேலைய விட்டவன் நாசமாப் போனான்னு முடிச்சாத்தான் அவருக்கு இன்னிக்குத் தூக்கம் வரும், ஒரே கம்பெனியில முடி நரைச்ச மனுசன் பாருங்க. ரெண்டு பேருக்கும் ஏமாத்தந்தான். எங்கூரு நாச்சிமுத்து மாடி கட்டவும் இல்ல, நாசமாப் போகவும் இல்ல. வேலைய விட்டாரு, அவ்வளவுதான். விட்டுட்டு வந்த எடத்துலயும் அவரே இருந்தாரு.

பல்லடத்துலருந்து தாராபுரம் போற ரோட்டுல காரக்காட்டுப்புதூருன்னு ஒரு ஊரு. அங்க வேலைய விடறதுங்கறது சட்டைய மாத்தறாப்பல. தீவாளி போனஸ வாங்கி மடியில கட்டினதும் பாதிப் பேரு பழைய பனியன் கம்பெனிக்குக் கும்புடு போட்டுட்டு புதுக் கம்பெனிக்குப் போயிருவாங்க. ஓடிப்போகாம இருக்கத்தான் கம்பெனிக்காரங்க மொதல்லயே அட்வான்ஸ்னு ஒண்ணக் குடுத்து ஆளக் கட்டிப் போடறது. அப்படிக் கட்டிப் போட்டாலும் நிக்காத ஆளு நாச்சிமுத்து. சோம்பேறின்னு நெனச்சுராதீங்க. அயர்ன் மாஸ்டரு, அவரு தேச்ச பனியன் மேல எறும்பு நடந்தா வழுக்கும். ஆனா கொஞ்ச நாளானதும் கை நடக்கும், கண்ணு ஜன்னலுக்கு வெளிய போயிரும், "இது இல்லீங்க"ம்பாரு. எது இல்லைன்னு கேட்டா அவருக்கும் தெரியாது.

அவரு சம்சாரம் கோகிலா வீட்டுலயே உக்காந்து பனியனுக்குப் பிசிறு வெட்டற பொம்பள. கட்டி வந்ததுலருந்து கோகிலாவுக்கு ரெண்டு மாதிரி வாரந்தான். புருசன் வேலையில இருக்கற வாரம் கொழம்புல காய் தெரியும். வேலை மாத்தற வாரம் கொழம்புல மொகம் தெரியும்.

அன்னிக்குச் சித்திரை வெயிலு. அயர்ன் ரூமுல ஃபேனு ஓடல. "ஃபேனப் போடுங்கய்யா"ன்னாரு நாச்சிமுத்து. "துணி பறக்கும் மாஸ்டர்"ன்னாரு சூப்பர்வைசர். "மனுசன் வேகறனே"ன்னாரு. "வெந்தது போதும்னா கெளம்புங்க"ன்னாரு அவரு. நாச்சிமுத்து பொட்டிய நிறுத்தி வெச்சாரு, சட்டைய மாட்டினாரு, வந்துட்டாரு. திங்கக்கெழம தாராபுரம் ரோட்டுல பெட்ரோல் பங்க்ல வேலைக்கு நின்னாரு. மக்யா நாளு, செவ்வாக்கெழம, அதே சூப்பர்வைசர் வண்டிக்குப் பெட்ரோல் போட வந்தவரு, டேங்க் மூடியத் தொறந்தவரு, அப்படியே நின்னுட்டாரு.

"மாஸ்டர், உங்கள இப்பத்தான அயர்ன் ரூமுல பாத்துட்டு வர்றேன்?"

"அங்கயும் இருக்கறனுங்களா?"

"இருக்கீங்க. காலையிலருந்து ஃபேனப் போடு ஃபேனப் போடுன்னு உசுர வாங்கறீங்க."

"போட்டீங்களா?"

"போட்டாச்சுங்க. போட்டப்பறமும் கேக்கறீங்க."

"சரி, எத்தன லிட்டருங்க?"ன்னாரு நாச்சிமுத்து.

இவ்வளவுதானுங்க நடந்தது. ஏன், எப்படின்னு கேட்டு நீங்களும் என்ற உசுர வாங்காதீங்க.

சனிக்கெழம பொழுதோட, சம்பள நேரம், நாச்சிமுத்து உள்ள உக்காந்து சாப்புட்டுட்டிருக்கறப்ப வாசல்ல நாச்சிமுத்து வந்து நின்னாரு. வேர்த்து ஊத்துது, மொகத்துல அந்தச் சண்டையோட செவப்பு இன்னும் போகல. சம்பளக் கவர நீட்டினாரு. கோகிலா வாங்கிட்டு ஒரு சொம்பு தண்ணி குடுத்தா. குடிச்சுட்டு, "அந்த ஃபேனக் கொஞ்சம் போடச் சொல்லு அம்மிணி"ன்னுட்டு வந்த வழியே கம்பெனிக்குத் திரும்பி நடந்துட்டாரு. கோகிலா உள்ள வந்து,

"ஏனுங்க, நீங்க வந்துட்டுப் போறீங்க"ன்னா.

"சம்பளம் குடுத்தனா?"

"குடுத்தீங்க."

"அப்பச் சரி. ரசம் ஊத்து."

மாரியம்மன் நோம்பி வந்துச்சு. எங்கூருல கண்ணாலமான ஆம்பள ஒவ்வொருத்தரும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு கோயில் வரி. இப்ப நாச்சிமுத்து ஒரு தலைக்கட்டா, ரெண்டு தலைக்கட்டா? ஊருக்கூட்டம் ஆலமரத்தடியில கூடி, வெத்தல தீர்ற வரைக்கும் பேசினாங்க. தர்மகர்த்தா ஆறுச்சாமி, வரி வசூலுன்னா கல்லுலயும் நாரு உரிக்கற மனுசன், அயர்ன்காரரையே வரவழைச்சுக் கேட்டுட்டாரு.

"ஏப்பா, நீ தனித் தலைக்கட்டா? ஒரே வார்த்தையில சொல்லு."

"மொதல்ல ஃபேனப் போடுங்க"ன்னாரு அயர்ன்காரரு. ஆலமரத்தடியிலங்க.

அப்ப கோகிலா எந்திரிச்சு, "மாமா, என்ற கழுத்துல கெடக்கற தாலி ஒண்ணு. இன்னொரு தாலி நீங்க செஞ்சு குடுங்க, நான் இன்னொரு வரி கட்டறேன்"ன்னா. ஆறுச்சாமி தாலிச் செலவ மனசுக்குள்ள நெனச்சுப் பாத்தாரு. ஒரே தலைக்கட்டுன்னு தீர்ப்பாயிருச்சு. அதோட ஊரு அந்த விசயத்தச் செரிச்சுட்டு அடுத்த சோலிக்குப் போயிருச்சு.

பங்க்லயும் நாச்சிமுத்து நிக்கல. வர்றவனெல்லாம் எங்கயோ போறான், நான் மட்டும் குழாயப் புடிச்சுட்டு நிக்கறேன், இது இல்லீங்கன்னு ஒரு நாளு கெளம்பி தாராபுரத்துல சேலைக்கடைக்குப் போனாரு. பங்க்ல ஒருத்தரு தங்கிட்டாரு; ரோட்டையே பாத்துட்டு, வாய்க்குள்ள என்னமோ முனகிட்டு, லாரி போற தெசைக்கெல்லாம் தலையத் திருப்பறவரு. சேலைக்கடையிலயும் கால் கடுக்க நின்னு, சிரிச்ச மொகம் சிரிச்சபடியே மரத்துப் போயி, ஒரு நாளு சேலைய மடிச்சு வெச்சுட்டு வந்தாரு. அங்கயும் ஒருத்தரு தங்கிட்டாரு, கடைய மூடினப்பறமும் இருட்டுல, "இன்னொரு டிசைன் பாக்கறீங்களாக்கா?"ன்னு சேலைய விரிக்கறவரு.

இப்ப அந்தச் சனிக்கெழமைய நீங்க பாத்திருக்கோணும். பொழுது எறங்கி, ஊருக்கு மேல செம்மண்ணுத் தூசி அப்படியே தங்கம் மாதிரி நிக்கற நேரத்துல, வடக்காலருந்து வேர்வையோட ஒரு நாச்சிமுத்து, தெக்காலருந்து துணிமணி வாசத்தோட ஒரு நாச்சிமுத்து, மேக்காலருந்து பெட்ரோல் வாசத்தோட முனகிட்டே ஒரு நாச்சிமுத்து, மூணு பேரும் ஒரே நடையில, ஒரே மாதிரி எடது தோளச் சாய்ச்சுட்டு, ஒருத்தர ஒருத்தர் பாத்துக்காம வருவாங்க. டீக்கடையில டம்ளரு வாய்க்குப் போற வழியில நின்னுரும், ரோட்டுல வண்டி ஆஃப் ஆயிரும், கொலைக்கற நாயி கொலைக்கறத மறந்து உக்காந்துரும், அவிங்க கவரக் குடுத்து, தண்ணி குடிச்சு, பிரிஞ்சு திரும்பிப் போற வரைக்கும் எங்கூருல ஒருத்தரும் மூச்சு விடமாட்டாங்க. தேரு நெலைக்கு வந்து நின்னாப்பலதான் இருக்கும். வாரா வாரம் பாத்தாலும் எங்களுக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது.

கோகிலா வீட்டுல அதுக்கப்பறம் கொழம்புல மொகம் தெரியவே இல்ல. அயர்ன்காரரு சம்பளம் வாடகைக்கு, பங்க்காரரு சம்பளம் மளிகைக்கு, சேலைக்கடைக்காரரு சம்பளம் சீட்டுக்குன்னு பிரிச்சுட்டா. புதுசா ஒரு வேலை தேடற வாரத்துல வயித்துல நெருப்பு இல்ல பாருங்க. அந்த நிம்மதிதான் பெருசு. எங்க ஆளுங்களும் பாத்தாங்க. அரிசி மில்லு தங்கவேலு, நம்மளும் தங்கிருவோம்னு முதலாளி மொகத்துக்கு நேராச் சொல்லிட்டு வேலைய விட்டு, மக்யா நாளு காலையில வேலி ஓரமா நின்னு எட்டிப் பாத்தாரு. அவரு எடத்துல அவரு மறந்து வெச்ச சோத்துத் தூக்குப்போசி மட்டும் இருந்துச்சு. சாயங்காலம் அதையும் கொண்டு வந்து குடுத்துட்டாங்க. அப்பறம் அந்த வீட்டுக் கொழம்புல ரொம்ப நாளைக்கு மொகம் தெரிஞ்சுது, பாவம்.

முதலாளிங்க மூளை வேற மாதிரி ஓடுச்சு. தங்கிப் போன நாச்சிமுத்து லீவு கேக்க மாட்டாரு, காச்சல்னு படுக்க மாட்டாரு, தீவாளிக்கு அடுத்த கம்பெனிக்கு ஓட மாட்டாரு. அப்ப இவர வேலைக்குச் சேக்கறதுல என்ன லாபம்? வேலைய விட வெச்சாத்தான லாபம்! வேலைக்கு வர்றதுக்கு அட்வான்ஸ் குடுத்த சீமையில, வேலைய விட்டுப் போறதுக்கு அட்வான்ஸ் குடுக்க ஆரம்பிச்சாங்க. போற அட்வான்ஸுன்னே அதுக்குப் பேரு. கோழிப்பண்ணைக்காரரு வீட்டு வாசல்ல வந்து நின்னு, "மாஸ்டர், நம்ம பண்ணைக்கு வந்து ஒரே ஒரு வாரம் இருந்து, ஏதாச்சும் சண்டை போட்டுட்டுப் போயிருங்க. சண்டைக்கு நானாச்சு"ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு.

கோகிலாவோட அண்ணன் சிவசாமிக்கு இதுல ஒரே குஷி. "மாப்ள, பேசாம மாசம் ஒரு வேலைய விடுங்க. ஊரு பூரா நீங்களே இருப்பீங்க, நம்ம வீட்டுக்கு ஓட்ட எடுத்துட்டு தார்சுக் கூரை போட்டுரலாம்"ன்னாரு.

"பாக்கலாம் மச்சான்"ன்னாரு நாச்சிமுத்து. கோவமும் இல்ல, சிரிப்பும் இல்ல.

அதத்தான் கோகிலா கவனிச்சா. முன்னயெல்லாம் உப்புக் கொறஞ்சா தட்டத் தள்ளிவிடற மனுசன், இப்ப எதப் போட்டாலும் முழுங்கறாரு. கோவம் அயர்ன் ரூமுலயே நின்னுருச்சு. குளிக்கறப்ப முனகற பாட்டு பங்க்லயே நின்னுருச்சு. அவளப் பாத்தாச் சிரிக்கற சிரிப்பு சேலைக்கடையில எவ எவளுக்கோ டிசைன் காட்டிட்டிருக்குது. வீட்டுக்கு வர்றவரு கொஞ்சங் கொஞ்சமாக் கொறஞ்சுட்டே வர்றாரு. பிசிறு வெட்டறவ கண்ணு இல்லீங்களா, தப்புமா? ஒரு நாளு எங்கிட்டயே சொன்னா: "சம்பளம் எல்லாம் வந்துருதுங்கண்ணா. ஆளுதான் வரல."

அடுத்த வருசம் ஆனி மாசம் அவரு காத்தாடிக் கம்பெனிக்குப் போனாரு. எங்கூரு மேக்கால பொட்டல்ல, கரண்டு எடுக்கறதுக்குன்னு நட்டு வெச்சிருக்கற ராட்சசக் காத்தாடிங்க. அதுல ஒரு தூணுக்குள்ள ஏணி வழியா ஏறி, உச்சியில இருக்கற பொட்டிக்குள்ள பூந்து, எண்ணெய் போட்டு நட்டு முடுக்கோணும். போன மொத நாளே பொழுதோட வந்தவரு செருப்பக்கூடக் கழட்டாம உள்ள வந்து, "கோகிலா!"ன்னாரு. அந்தக் கொரலக் கேட்டு எத்தனையோ நாளாச்சு. அவ கையில இருந்த கத்திரி கீழ விழுந்துருச்சு.

"மேல போனா என்னங்க தெரியுது?"

"காத்து தெரியுது."

"காத்து எப்படிங்க தெரியும்?"

"தெரியுது அம்மிணி. அமராவதிப் பக்கமிருந்து வர்றப்பவே தெரியுது. சோளக்காட்டச் சாய்ச்சுட்டு, கொளத்துத் தண்ணிய மடிச்சுட்டு, பனைமரத்த ஒவ்வொண்ணாத் தொட்டுட்டு வருது, வந்து என்ற காலடியில அந்தப் பெரிய றெக்கையத் தூக்குது, தூக்கறப்ப தூணு மொத்தமும் மாட்டு வயிறாட்ட மூச்சு விடுது. நான் அதுக்குள்ள நிக்கறேன்."

"வேற?"

"நாந்தான் தெரியறேன். வடக்கால அயர்ன் ரூமு கூரை, அதுக்குள்ள நானு. அக்கட்டால பங்க், அங்க நானு. தெக்கால தாராபுரம் கடைவீதி, அங்கயும் நானு. அதையெல்லாம் தாண்டி ரோடு போகுது."

"எங்க போகுது?"

"தெரியல. அங்க எங்கயும் நான் இல்ல."

காத்தாடி சுத்தச் சுத்த மனுசன் ஊறினாரு, வத்தின கெணத்துல தண்ணி ஏறறாப்பல. குளிக்கறப்ப முனகல் வந்துச்சு. சிரிப்பு வந்துச்சு. ஒரு நாளு, "கொழம்புல உப்பு எங்கடி?"ன்னு தட்டத் தள்ளிவிட்டாரு, கோகிலா அந்தத் தட்டத் தூக்கிட்டுத் தெருவுக்கே ஓடிவந்து, "பாருங்க, தள்ளிவிட்டுட்டாரு, தள்ளிவிட்டுட்டாரு!"ன்னு அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டினா. அன்னிக்கு அவரு கையப் புடிச்சுக் கேட்டா: "எனக்குத் தார்சு வேண்டாம். இந்த ஒரு வேலையிலயாச்சும் நில்லுங்க. இதையும் விட்டீங்கன்னா உங்க சந்தோசம் அந்தத் தூணு மேல தங்கிரும், வீட்டுக்கு என்னங்க வரும்? நிக்கறேன்னு சொல்லுங்க."

"நிக்கறேன்"ன்னாரு.

ஆனா காத்தாடி ஆபீசு மேனேஜருக்கும் விசயம் போயிருச்சு. பயமில்லாம ஏறற ஆளு கெடைக்கறதே குதிரைக் கொம்பு. அதுலயும் ஓடிப்போகாத ஆளு. ஆயுத பூசை வந்துச்சு. காத்து ஓஞ்சு றெக்கையெல்லாம் அசையாம நிக்கற மாசம். தூணடியில சந்தனம் வெச்சு, வாழக்கன்னு கட்டி, பொரி கடலை வெச்சு, ஊரே அங்க கூடிருச்சு. அன்னிக்கு எல்லாக் கம்பெனிக்கும் லீவுங்கறதால மூணு நாச்சிமுத்துவும் வந்திருந்தாங்க, அவங்கவங்க மிசினுக்கு வெச்ச திருநீத்தோட. சூடம் காட்டினதும் மேனேஜர் மாலை போட்டு, தாம்பாளத்துல போற அட்வான்ஸ வெச்சு நீட்டினாரு. எங்கூருல அது வரைக்கும் யாருக்கும் யாரும் நீட்டாத கட்டு. சிவசாமிக்கு வாயில பொரி அப்படியே நின்னுருச்சு.

"வாங்குங்க மாப்ள, வீட்டு மேல மாடியே எடுத்துரலாம்"ன்னாரு மெதுவா.

கோகிலா சேலைத் தலப்ப வாயில வெச்சுக் கடிச்சுட்டு நின்னா. ஊரு பூரா அவரு கையவே பாத்துச்சு. எங்க பக்கத்துல வேலைய விடாம நின்ன ஆளப் பாத்திருக்கோம், போக எடமில்லாம நின்னவங்க. போகச் சொல்லிப் பணத்த நீட்டியும் இது போதும்னு நின்னவர ஒருத்தரும் பாத்ததில்ல.

நாச்சிமுத்து தூணோட படியில ஏறி நின்னாரு. மொகம் வெளக்குப் போட்டாப்பல இருக்குது. கொஞ்ச நாளாவே அப்படித்தான், ஒரு கொறை இல்லாத மொகம். தாம்பாளத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு அப்படியே மேனேஜர் பக்கமாத் தள்ளிவிட்டாரு.

"எனக்கு இதாங்க வேலை. நான் எங்கயும் போகல. இங்கயேதான் நிக்கப் போறேன்."

அவ்வளவுதான். யாரோ ஒரு பொம்பள கொலவை போட்டா. ஆறுச்சாமி துண்ட எடுத்து இடுப்புல கட்டிட்டாரு, சாமி முன்னால நிக்கறாப்பல. அயர்ன்காரரு ஃபேனக் கேக்கல. பங்க்காரரு ரோட்டப் பாக்கல. சேலைக்கடைக்காரரு சிரிப்ப எறக்கி வெச்சுட்டு மொத தடவையா மொகத்தச் சும்மா வெச்சிருந்தாரு. மூணு பேரும் படியில நிக்கறவரையே அண்ணாந்து பாத்தாங்க. காத்தே இல்லாத அந்த நேரத்துல, உச்சியில இருந்த றெக்கை ஒரு கொட்டாவி விடறாப்பல ஒரு சுத்து சுத்தி நின்னுச்சு. கோகிலா அழுதுட்டே சிரிச்சா, சிரிச்சுட்டே போயி அவரு கையப் புடிச்சுட்டா.

கூட்டம் ரோட்ட மறிச்சதால நின்னுபோன மினி பஸ்ஸுலருந்து எறங்கி, நமக்கும் ஒரு கை பொரி கெடைக்குமான்னு முண்டியடிச்சு முன்னால வந்தாரு கண்டக்டர் குப்புராஜு. வாயி நெறையாப் பொரிய அடைச்சுட்டு நிமிந்து பாத்தாரு.

"அட, நீங்க இங்கயா இருக்கீங்க? போன வியாழக்கெழமை காலையில பையத் தூக்கிட்டு நம்ம வண்டியிலதானுங்களே ஏறினீங்க? மெட்ராஸுக்கு எங்க மாறோணும்னு எங்கிட்டத்தானக் கேட்டீங்க?"

யாரோ அவரு கையப் புடிச்சு இழுத்தாங்க. அந்த மனுசனுக்கு வெளங்கல.

"இல்லீங்க, நாந்தான் டிக்கெட்டுக் குடுத்தேன். இவ்வளவு தூரம் போறீங்களே, வீட்டுல சொல்லிட்டீங்களான்னு கேட்டனே. 'வீட்டுலதான் நான் இருக்கறனே'ன்னு சொல்லிட்டு எறங்கிப் போனீங்களே!"